வடிவு நிற்கும் சுவர்

டீ குடிச்சு முடிச்சதும் இடிச்சிருவாக. கொத்தனாரு செல்லையா அப்படித்தான் சொல்லிட்டுப் போயிருக்காரு. "யக்கா, ஒரு டீயைப் போட்டுட்டு வந்து சுவத்தைத் திறந்து விட்டுருதேன், மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள நீங்க இங்கன இருந்து அந்த ரூம்புக்கு நடந்தே போலாம்"னு, என்னமோ எனக்குப் பெரிய உபகாரம் செய்யுத மாதிரி. நடந்து போகணும்னு நான் கேட்டேனா? நான் பாட்டுக்கு இந்தச் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். கட்டிலைத் தூக்கி முன்னறையில போட்டாச்சு. பீரோவைப் பழைய சேலையால மூடியாச்சு. தரையில சாக்கு, சாக்கு மேல நான். அறை காலியாக் கிடக்கு, இருமினாக்கூடத் திருப்பி இருமுது. சுவத்துல ஓர் ஆள் உயரத்துக்குக் கரித்துண்டால கட்டம் போட்டிருக்காரு, புதுசா வாசல் வரப்போற இடம். யாரும் அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லலை, ஆனா பாரு, சரியா அதே இடத்துல கோடு விழுந்திருக்கு, ஒரு சாண் இங்கிட்டும் இல்லை அங்கிட்டும் இல்லை. எத்தனை தீபாவளிக்கு வெள்ளை அடிச்சாலும் அந்த இடம் மட்டும் தனியாத் தெரியும். மழைக்காலம் வந்தா முதல்ல வேர்க்கிறது அந்த இடம். கையை வச்சுப் பாப்பேன், சில்லுனு இருக்கும், எடுக்க மனசு வராது. அந்த இடத்து வழியாத்தான் என் மக வடிவைத் தூக்கிட்டுப் போனாக. வாசல் வழியா இல்லை. பிள்ளை செத்துக் கிடக்கையில சுவத்தை இடிச்சு, அந்த ஓட்டை வழியா வெளிய நீட்டி, அங்கன நின்ன ஆளுக கையில வாங்கிக்கிட்டுப் போனாக. திரும்பி வந்து குளிக்கதுக்கு முன்னாடியே செங்கல்லை வச்சு அடைச்சிட்டாக.

அடைப்புன்னு சொன்னாக. சில நட்சத்திரத்துல உயிர் போனா அப்படித்தானாம். வாசல் வழியாக் கொண்டு போனா அந்த ஆத்மாவுக்கு வழி தெரிஞ்சு போகுமாம், திரும்பி வருமாம், ஆறு மாசத்துக்குள்ள வீட்டுல இன்னோர் ஆளைத் துணைக்குக் கூட்டிக்கிட்டுப் போகுமாம். சுவத்தை இடிச்சுக் கொண்டு போய் அடைச்சிட்டா, வந்து பாக்கும், சுவரா இருக்கும், வழி இல்லையேன்னு போயிருமாம். யாரு போய்ப் பாத்தா? வடிவு என்ன, முகவரி தேடுத தபால்காரியா, வழி இல்லைன்னா திரும்பிப் போறதுக்கு? அவ வருகிறது எப்படின்னு இந்தத் தெருவுக்கே தெரியும். சைக்கிளைச் சுவத்துல சாத்துத சத்தம், செருப்பு ஒண்ணு அங்கிட்டும் ஒண்ணு இங்கிட்டும் விழுத சத்தம், வாசல்ல கால் வைக்கும்போதே "எம்மா"ன்னு ஒரு கூப்பாடு. எதுக்குக் கூப்பிடுதோம்னு அவளுக்கே தெரியாது. அடுப்படியில இருந்து நான் "என்னட்டி"ன்னு சொன்னாத்தான் அவளுக்கு வீட்டுக்கு வந்த மாதிரி. காலேஜ் ரெண்டாவது வருசம், மஞ்சக்காமாலை, கீழாநெல்லி, அப்புறம் பெரியாஸ்பத்திரி, அப்புறம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாக. கடைசியா இந்த அறையில என் மடியில தலையை வச்சுக்கிட்டு, "சிக்கு விழுந்திருக்கும்மா, வலிக்காம பைய எடு"ன்னா. நான் எடுத்துக்கிட்டேதான் இருந்தேன். சிக்கு எடுத்து முடியலை. அவுக அண்ணாச்சி, அதான் எங்க வீட்டுக்காரரோட தமையனாரு, ஜோசியரைப் பாத்துட்டு வந்து, ரேவதி, அடைப்பு, ஆகவேண்டியதைப் பாருங்கன்னாரு. நாலு பொம்பளைக என்னை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டாக. இது அவ வீடுல்லா, வாசல் வழியாக் கொண்டு போங்கன்னு நான் கத்துனேன். கடப்பாரைச் சத்தத்துல யாருக்குக் கேட்டுச்சு.

எங்க வீட்டுக்காரரு பின்னால காலமாகிப் போனாரே, அவுக வாசல் வழியாத்தான் போனாக, மாலையும் மேளமுமா. நல்ல நட்சத்திரம். அமாவாசைக்கு இலை போட்டா அவுக வந்துட்டுப் போறது எனக்குத் தெரியும். மோருக்கு உப்பு பத்தலைன்னு நினைக்கது கூடத் தெரியும். வடிவு வரமாட்டா. கன்னியாப் போனவளுக்கு வருசா வருசம் பாவாடை தாவணி எடுத்து வச்சுக் கும்பிடணும், நானும் வைக்கேன், இதே அறையில, இதே சுவத்துக்குக் கீழ. வச்சு என்ன செய்ய, உள்ள வர வழி இல்லாதவளுக்கு? அவ வெளிய நிக்கா. இதை நான் யாருகிட்டயும் சொன்னது இல்லை, சொன்னா மகன் உலகு என்னைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போய் டாக்டர் முன்னால உக்கார வச்சிருவான். ஆனா நிக்கா. பகல்ல எல்லாரும் படுத்த பொறவு, தெருவுல ஒரு குரலும் இல்லாத நேரம், சுவத்துக்கு அந்தப் பக்கம் கையால தடவிப் பாக்குத மாதிரி ஒரு சத்தம். நகம் படுத சத்தம் இல்லை, உள்ளங்கை. இங்கனதானே வெளிய வந்தேன், இங்கனதானே இருந்துச்சுன்னு தேடுத கை. நானும் இந்தப் பக்கம் கையை வைப்பேன். நடுவுல ஒன்பது அங்குலச் சுவரு. எத்தனை வருசம், எம்மா.

இப்பம் என்னடான்னா வீட்டை எடுத்துக் கட்டுதாக. என் மகன் உலகநாதனுக்குக் கல்யாணம் முடிஞ்ச நாள்ல இருந்தே இந்தப் பேச்சுதான், ஒரு ரூம்பு எடுக்கணும், ரூம்போடயே பாத்ரூம் வேணும், சுகன்யாவுக்குக் கொல்லைப்பக்கம் போக பயமா இருக்குன்னு. தப்பு சொல்ல முடியாது. நல்ல பிள்ளை சுகன்யா. மருமகள்னு சொல்லிக் குத்தம் கண்டுபிடிக்க நானும் முயற்சி பண்ணித்தான் பாத்தேன், ரசத்துல பெருங்காயம் கூடுதலாப் போடுதா, அவ்வளவுதான் கிடைச்சுது. எஞ்சினியர் வந்தான், நாடாவைப் பிடிச்சு இங்கிட்டும் அங்கிட்டும் அளந்தான். கிழக்க பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு, தெக்க செப்டிக் டேங்கு, மேக்கதான் இடம் கிடக்கு, இந்தச் சுவத்துல வாசல் திறந்துக்கலாம்னான். "இந்தச் சுவரா?"ன்னேன். உலகு என்னைப் பாத்தான், நான் அவனைப் பாத்தேன். வடிவு போகும்போது அவன் சின்னப்பய, பக்கத்து வீட்டுல கொண்டு விட்டிருந்தோம், அதனால அவனுக்குத் தெரியாதுன்னு அர்த்தமா? "வேற இடம் இல்லைம்மா"ன்னு மட்டும் சொல்லிட்டுக் குனிஞ்சு செருப்பை மாட்டுனான். பொறவு தை மாசம் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, செங்கல் வந்து இறங்கி, சிமெண்டு மூட்டையெல்லாம் முன்னறையில அடுக்கி, சோத்துல மணல், தண்ணியில மணல், படுத்தா முதுகுக்குக் கீழ மணல். சுவரு எழும்பி, தளம் போட்டு, தளத்துக்குத் தண்ணி விட்டதெல்லாம் நான்தான். பாத்தி கட்டி நிறுத்துன தண்ணி வெயில்ல வத்த வத்த ஊத்திக்கிட்டே இருப்பேன். அப்பம் ஒரு நாள் ஓஸைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன், சுருக்குனு ஒண்ணு தோணுது: அடப்பாவிகளா, அவ நிக்கிற இடத்தைச் சுத்தி நாலு சுவரை எழுப்பித் தளமும் போட்டுட்டீகளேடா. வெட்டவெளியில நின்னவளை ஓர் அறைக்குள்ள பூட்டிட்டீகளேன்னு. என் காலுக்குக் கீழ, ஈரத் தளத்துக்குக் கீழ, முட்டுக் கம்புகளுக்கு நடுவுல அவ நிக்கா. ஓஸை அப்படியே போட்டுட்டு இறங்கி வந்துட்டேன். தண்ணி நிரம்பி வழிஞ்சு தெருவுக்கு ஓடி, உலகு வந்து சத்தம் போட்டான்.

தளம் போட்ட மாசந்தான் சுகன்யா குளிக்காம இருக்கான்னு தெரிஞ்சுது. எனக்குச் சந்தோசத்துல கை கால் ஓடலை, மறு நிமிசம் பயத்துல ஓடலை. வீட்டுல மாசமா ஒருத்தி இருக்கையில சுவத்தை இடிக்கப்படாது, வாசக்கால் வைக்கப்படாது, இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. காசு தட்டி நாலு மாசம் வேலை நின்னுட்டு, மறுபடி தொடங்குதப்பம் உலகுகிட்டச் சொன்னேன். "எம்மா, நீ எந்தக் காலத்துல இருக்கே? பாதி கட்டுன ரூம்பை வச்சுக்கிட்டுப் பிள்ளை பொறக்குத வரைக்கும் சும்மா இருக்கச் சொல்லுதியா?"ன்னான். அவனுக்கு அது கட்டடம். எனக்கு? துணைக்கு இன்னோர் ஆளைக் கூட்டிக்கிட்டுப் போகுமாம்னு அன்னைக்குச் சொன்னாகளே, அந்தப் பேச்சு என் காதை விட்டுப் போவேனாங்கு. ஆறு மாசந்தான் கெடு, அதெல்லாம் எப்பமோ முடிஞ்சு போச்சுன்னு ஒரு மனசு சொல்லுது. கெடு முடியணும்னா அவ உள்ள வந்துட்டுப் போயிருக்கணுமே, அவளைத்தான் வரவே விடலையேன்னு இன்னொரு மனசு சொல்லுது. என் மக யாருக்கும் கெடுதல் நினைக்கமாட்டான்னு பெத்தவ சொல்லிரலாம். ஆனா வடிவு சண்டைக்காரி. தன் தட்டுல இருந்து ஒரு அப்பளத்தை எடுத்தாக்கூட விடமாட்டா. தம்பி அவ போர்வையைப் போத்திக்கிட்டான்னு நடுவீட்டுல நின்னு கூப்பாடு போட்டவ. இத்தனை வருசம் வெளிய நின்னுட்டு உள்ள வந்து பாத்தா, அவ அறையில வேற ஒருத்தி, வயித்துல பிள்ளையோட. இது என் ரூம்புன்னு சொல்லமாட்டாளா? சொல்லுவா. எனக்குத் தெரியும், சொல்லுவா.

அதுக்கு மேல இன்னொண்ணு இருக்கு. எங்க வீட்டுக்காரருக்குத் திதி கொடுக்கப் போன இடத்துல ஒரு வயசான ஐயரு, இன்னும் யாருக்கும்மா கொடுக்கணும்னு கேட்டாரு. வடிவைப் பத்திச் சொன்னேன், நாளும் நேரமும் சொன்னேன், அடைப்புன்னு சுவத்தை இடிச்சதையும் சொன்னேன். அதெல்லாம் என் மண்டையில ஆணி அடிச்சு வச்சிருக்கு. அவரு விரலை விட்டு எண்ணுனாரு, பையில இருந்து பஞ்சாங்கத்தை எடுத்துப் பாத்தாரு. "வாக்கியத்துக்கு ரேவதி சரி. திருக்கணிதத்துக்கு அதுக்கு முன்னாலயே அஸ்வினி பொறந்தாச்சேம்மா. அடைப்பே இல்லையே. சுவத்தை ஏன் இடிச்சேள்?"னு கேட்டாரு. ஏன் இடிச்சோம். ஊருல ரெண்டு பஞ்சாங்கம் இருக்கு, ஜோசியரு கையில அன்னைக்கு ஒண்ணு இருந்துச்சு. மத்தது இருந்திருந்தா என் பிள்ளை மாலையைப் போட்டுக்கிட்டு வாசல் வழியாப் போயிருப்பா, வருவா, போவா, கூப்பாடு போடுவா. ஐயரு பாவம், பாயசம் ஆறிரும்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. நான் அந்த மண்டபத்துத் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். எல்லாரும் நான் புருசனை நினைச்சு அழுதேன்னு நினைச்சாக.

சுகன்யா வாரா. கொலுசுச் சத்தம் இப்பம் பைய வருது, கால் கனத்துப் போச்சு பிள்ளைக்கு. காப்பியைக் கொண்டு வந்து நீட்டுதா. "அத்த, தூசி கிளம்பும், முன்னால வந்து உக்காருங்களேன்." "நீ முதல்ல அங்கிட்டுப் போ, இங்கன நிக்காத"ங்கேன், குரல் எனக்கே கடுசாக் கேக்கு. அவ போகலை. கரிக்கோட்டுக்கு நடுவுல கையை வைக்கா, சரியா நான் வைக்கிற இடத்துல. "என்ன இந்த இடம் மட்டும் இப்படிக் குளுந்து கிடக்கு?"ன்னுட்டு, "தொட்டிலை வாசலுக்கு நேரா அந்தப் பக்கம் போடணும்னு அவுககிட்டச் சொல்லியிருக்கேன் அத்த. நீங்க இங்கன படுத்தா பிள்ளையைப் பாத்துக்கிட்டே இருக்கலாம்லா"ங்கா. வாசலுக்கு நேரா. தொட்டில். காப்பியை ஒரு வாய் குடிக்கேன். சொல்லிரு, ஆவுடை, இப்பமே சொல்லிருன்னு எனக்கு நானே சொல்லுதேன். ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இந்தப் பிள்ளை பயந்து அவ அம்மாவுக்குப் போன் போடும், அவுக அங்கன இருந்து சண்டைக்கு வருவாக, உலகு தலையில அடிச்சுக்குவான், சுவரு சுவராவே நிக்கும். தொட்டில் தப்பிச்சிரும். வடிவு? வடிவு அந்தப் புது அறையில, சுத்தியும் சிமெண்டு, வீட்டுக்குள்ள வர வழி இல்லை, நான் சாகுத வரைக்கும். நான் செத்த பொறவு சுவத்துக்கு இந்தப் பக்கம் கையை வைக்கக்கூட ஆள் இருக்காது. சொல்லாம விட்டா இவளுக்கு என்ன ஆகுமோ. சொன்னா அவ கதி அதோகதி. வாயைத் திறந்தேன். "காப்பியில சீனி பத்தலை"ன்னேன். சுகன்யா டம்ளரை வாங்கிக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

கொத்தனாரு வந்துட்டாரு, கூட ரெண்டு பேரு. "யக்கா, எந்திரிங்க"ங்காரு. முந்தாநாளே சுவத்தைத் தட்டிப் பாத்துட்டு, இந்த இடத்துல ஜன்னல் கின்னல் இருந்துச்சான்னு கேட்டாரு. அலமாரி இருந்துச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். மேல உத்தரம் மாதிரிக் கான்கிரீட்டு முன்னமே கொடுத்தாச்சு, இனி கீழ எடுக்க வேண்டியதுதான் பாக்கி. உளி விழுது. ஒரு அடி, என் பல்லுல விழுது. ரெண்டு அடி. பூச்சு பேந்து விழுது, வெள்ளை, அதுக்குக் கீழ நீலம், அதுக்குக் கீழ பழைய மஞ்சள், அதுக்குக் கீழ செங்கல். "லேசா வருதே யக்கா, சாந்து பிடிக்கவே இல்லை. அலமாரின்னீக, எவனோ அவசரத்துல வச்சு அடைச்ச மாதிரில்லா இருக்கு"ங்காரு. ஆமா, அவசரந்தான். குளிக்கதுக்கு முன்னாடி அடைச்சதுல்லா. அந்தத் தூசி வாசனை மூக்குல ஏறுது, அதே வாசனை, நாலு பொம்பளைக கை என் தோள்பட்டையில, விடுங்கடி என்னை, விடுங்க, அவளுக்குத் தலையில இன்னும் சிக்கு இருக்கு. இப்பம் யாரும் பிடிச்சுக்கிடலை. நான் பாட்டுக்கு நிக்கேன், எனக்கு வயசாயிருச்சு. ஒரு கல்லு அந்தப் பக்கம் விழுது. கை நுழையுத அளவுக்கு ஓட்டை. அதுல இருந்து ஒரு காத்து வருது பாரு, ஈரமா, சில்லுனு, என் முகத்துல. உள்ளங்கை படுத மாதிரி. கொத்தனாருக்கு வேர்க்குது, அவருக்கு அந்தக் காத்து தெரியலை. ஓட்டை பெருசாகுது, இடுப்பளவு, தோளளவு, அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்த அறைத் தரையில வந்து விழுது. "இந்தா முடிஞ்சுது"ன்னு உளியைக் கீழ போட்டுட்டுத் துண்டால முகத்தைத் துடைக்காரு. பின்னால சுகன்யா குரல், "திறந்தாச்சா? நான் பாக்கட்டும்"னு ஆசையா வாரா, நேரா ஓட்டைக்கு எதுக்க, வயித்தை முன்னால தள்ளிக்கிட்டு.

"நில்லுட்டி!" நான் போட்ட சத்தத்துல கொத்தனாரு கையில இருந்த துண்டு விழுந்துட்டுது. "கிட்ட வராத. அங்கனயே நில்லு." கல்லும் காரையும் காலைக் குத்த நான் அந்த ஓட்டைக்குள்ள நுழைஞ்சிட்டேன். இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவுல, ரெண்டு கையையும் விரிச்சு வழியை மறிச்சுக்கிட்டு நின்னேன். கொத்தனாரு "யக்கா, ஓரத்துக் கல்லு ஆடுது, பாத்து, பாத்து"ங்காரு. ஆடட்டும். எதுக்க புது அறை, பூசாத சுவரு, பச்சைச் சிமெண்டு வாசனை. ஒண்ணும் இல்லை. யாரும் இல்லை. ஆனா என் வலது கை தானா நீளுது, நீட்டுன கை சில்லுனு ஆகுது, விரல் ஒவ்வொண்ணா. வந்துட்டியா தாயி. வந்துட்டே. எத்தனை வருசம் தவிச்சேன் உன்னை ஒரு தடவை தொடணும்னு. உள்ள வான்னு சொல்லத்தான் வாய் வருது. என் முதுகுக்குப் பின்னால அந்தப் பிள்ளை மூச்சு வாங்குதது கேக்குது. இல்லை. இது வழி இல்லட்டி. இது வழியா உன்னை நான் கூப்பிடமாட்டேன். இது வேத்து ஆளுக இடிச்ச ஓட்டை, அன்னைக்கும் ஓட்டைதான், இன்னைக்கும் ஓட்டைதான். நீ என்ன திருடியா, சுவத்தைத் துளைச்சு வரதுக்கு? வா என்கூட.

கையை விடாம நான் அந்தப் பக்கம் இறங்குனேன். புது அறையில கொல்லைக்கு ஒரு கதவு விட்டிருக்கு, பலகை இன்னும் மாட்டலை, அது வழியா வெளிய. வெயிலு கண்ணைக் கூசுது. பைய வா, ஜல்லி கிடக்கு, கால்ல குத்தும். வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவுல இருக்கிற சந்துல ஓர் ஆள்தான் நடக்க முடியும், நான் முன்னால, கையைப் பின்னால நீட்டிக்கிட்டு. வடிவு, கேளு. உன் தம்பிக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சு. அந்தப் பிள்ளை பேரு சுகன்யா, மாசமா இருக்கா, நல்ல பிள்ளை. உன் அறை இப்பம் அவுக புது ரூம்புக்குப் போற வழி ஆயிட்டுது, அதுல சண்டை போடப்படாது, சொல்லிட்டேன். நீ என்கூட முன்னறையில படு. உன் போர்வையை யாரும் தொடலை. பிள்ளை பொறந்தா நீதான் அத்தை, அதை ஞாபகம் வச்சுக்க, அத்தைன்னா அள்ளிக் கொஞ்சணும், கூட்டிக்கிட்டுப் போகப்படாது. கேக்கா, கேட்டுக்கிட்டே வாரா, கை கனமா இருக்கு. சித்தாளு ஒருத்தி மணல் சலிக்கதை நிறுத்திட்டு என்னையே பாக்கா, பாக்கட்டும். தெருவுக்கு வந்து, திரும்பி, எங்க வீட்டுக்கு நேரா நின்னேன். இதுதான் வாசல், பாத்துக்க. இதுதான். வீட்டுக்குள்ளேயே குறுக்க வந்து சுகன்யா வாசல் நிலையில நிக்கா, முகம் வெளிறிக் கிடக்கு, என்னைப் பாக்கா, பின்னால நீண்டிருக்கிற என் கையைப் பாக்கா. "அத்த"ன்னா. என் மகன் அவளுக்கு என்ன சொல்லியிருந்தானோ, எம்புட்டுச் சொல்லியிருந்தானோ. கண்ணுல தண்ணி நிக்குது பிள்ளைக்கு. வயித்துல கையை வச்சுக்கிட்டு, கதவை நல்லாத் திறந்து பிடிச்சு, முதுகு நிலையில ஒட்டுத அளவுக்கு ஒதுங்கி வழி விட்டா. நான் ஒருத்தி நுழைய அம்புட்டு இடம் தேவையில்லை.